மரப் பரணில் ஏறும் முன்: ஜிப்லைன் பூங்காக்களில் நம் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் எங்கள் வீட்டில் முன்பெல்லாம் கேமரன் மலையா, போர்ட் டிக்சனா என்றுதான் பேச்சு தொடங்கும். இப்போது பிள்ளைகள் கேட்பதே வேறு. ஷா ஆலம் தாவரவியல் பூங்காவுக்குள் இருக்கும் ஸ்கைட்ரெக்ஸ், பினாங்கு தெலுக் பஹாங்கில் 2012இல் திறந்த எஸ்கேப் போன்ற இடங்களின் பெயர்கள்தான் அவர்கள் வாயில் வருகின்றன. மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம், ஆடும் கட்டைகள், ஏறும் வலை, கடைசியில் கம்பியில் தொங்கிக்கொண்டு சறுக்கும் ஜிப்லைன். கிள்ளானிலிருந்து என் பிள்ளைகளையும் அண்ணன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இப்படிப்பட்ட பூங்காக்களுக்குப் பலமுறை போயிருக்கிறேன். மேலே போய் மாட்டிக்கொண்டு தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை தவித்திருக்கிறேன். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை தரையில் இருக்கும்போதே தொடங்கியவை. அதனால் தரையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல் தவறு, வயதைக் கேட்டுவிட்டு டிக்கெட் வாங்குவது. இந்தத் தடங்களில் முக்கியமானது உயரம். சில இடங்களில் தலை உச்சி வரை அளப்பார்கள், சில இடங்களில் கையைத் தூக்கி நின்றால் விரல் நுனி எட்டும் உயரத்தை அளப்பார்கள். காரணம் எளிது: தலைக்கு மேலே போகும் பாதுகாப்புக் கம்பியில் கொக்கியை மாட்ட பிள்ளையின் கை எட்ட வேண்டும். எட்டாத பிள்ளை எவ்வளவு துணிச்சலாக இருந்தாலும் அந்தத் தடத்தில் தானாக நகர முடியாது. பூங்காவின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு தடத்துக்கும் என்ன அளவு என்று போட்டிருப்பார்கள். கிளம்புவதற்கு முந்தின வாரமே வீட்டுச் சுவரில் நிற்க வைத்து அளந்துவிடுங்கள். இரண்டு சென்டிமீட்டர் குறைவதால் வாசலில் நின்று அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது மிகவும் கஷ்டம். அக்கா மட்டும் பெரிய தடத்துக்குப் போகிறாள் என்றால் இன்னும் கஷ்டம். அதைவிட மோசம், அளக்கும் பணியாளரிடம் கெஞ்சி அளவைத் தளர்த்தச் சொல்வது.

பெரியவர்களுக்கு எடை வரம்பு உண்டு. பல இடங்களில் அது 120 அல்லது 130 கிலோவை ஒட்டி இருக்கும். ஜிப்லைனுக்கு மட்டும் குறைந்தபட்ச எடையும் சொல்வார்கள். எடை குறைந்தவர் காற்றின் எதிர்ப்பால் வேகம் இழந்து அடுத்த மரம் வரை போய்ச் சேராமல் நடுவில் நின்றுவிடுவார் என்பதால்தான் அது. கூச்சப்பட்டு எடையைக் குறைத்தோ கூட்டியோ எழுதாதீர்கள். முதுகு அறுவை சிகிச்சை, இதய நோய், கர்ப்பம், வலிப்பு, தோள்பட்டை ஏற்கெனவே நழுவிய கதை எல்லாவற்றையும் ஏறும் முன் கையெழுத்து வாங்கும் உறுதிமொழிப் படிவத்தில் கேட்பார்கள். வரிசை நகர்கிறதே என்று படிக்காமல் கையெழுத்துப் போடுவது நம்மிடம் உள்ள பழக்கம். ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் காரில் கிடக்கும்போது பிள்ளை மரத்தின் மேல் இருக்கும். ஜிப் வைத்த பாக்கெட்டில் அது அவர்களோடு போக வேண்டும்.

உடை விஷயத்தில் நம் வீட்டுப் பெண்களுக்கென்று யாரும் சொல்லாத சில செய்திகள் இருக்கின்றன. துப்பட்டா வேண்டாம் என்பது தெரிந்ததே. தாலிச் சங்கிலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கழற்றச் சொன்னால் மனம் ஒப்பாது, சொல்லாவிட்டால் இடுப்பிலும் தொடையிலும் கட்டும் ஹார்னஸ் என்ற பாதுகாப்பு வாரிலும் வலையிலும் அது மாட்டும். என் மனைவி கழுத்து மூடிய டீ-சட்டைக்குள் தாலியைப் போட்டு, உள்பக்கம் மருத்துவ டேப்பால் நெஞ்சோடு ஒட்டிக்கொள்கிறாள். இரண்டு மணி நேரத்தில் அது அசைந்ததே இல்லை. மெட்டியோடு இறுக்கமான சப்பாத்து போட்டால் அரை மணியில் விரல் வலிக்கும், மேலே பிளாஸ்டர் சுற்றிக்கொள்ளலாம். மோதிரத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. உடல் எடை முழுவதும் கையில் தொங்கும்போது மோதிரம் ஏதாவது ஒன்றில் மாட்டினால் விரலின் தோலையே உரித்துவிடும். கைவிரலில் இருப்பதை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். ஆண்களுக்கும் இதே பேச்சுத்தான்.

நீளப் பின்னலைத் தாழக் கொண்டை போட்டுச் சட்டைக்குள் தள்ளிவிடுங்கள். ஜிப்லைனில் கப்பி முகத்துக்கு மேலேயே ஓடும். பறக்கும் முடி அதில் சுற்றிக்கொண்டால் கத்தரிக்கோல்தான் தீர்வு. தலைக்குள் கொண்டை ஊசியும் கிளிப்பும் இருந்தால் ஹெல்மெட் அழுத்தி வலிக்கும், ரப்பர் வளையம் போதும். செருப்பு, குரோக்ஸ் ஆகாது. கட்டுகிற சப்பாத்து, முட்டியை மூடும் நெகிழ்வான காற்சட்டை, கையுறை. இவ்வளவுதான்.

ஹார்னஸைப் பணியாளர்தான் மாட்டிவிடுவார், ஆனால் அது சரியாக இருக்கிறதா என்று நாமும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். இடுப்பு வார் இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். தொடை வாருக்குள் விரித்த உள்ளங்கை நுழையலாம், மடக்கிய கைமுட்டி நுழையக் கூடாது. வயிறு சற்று முன்தள்ளிய ஆண்கள் வாரை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டிக்கொள்வார்கள், வேட்டியைக் கட்டுவது மாதிரி. அப்படிக் கட்டினால் தலைகீழாகத் திரும்பும்போது வார் நழுவ வாய்ப்புண்டு. அவர்களுக்கும், இடுப்பு இன்னும் உருவாகாத சின்னப் பிள்ளைகளுக்கும் தோளையும் சேர்த்துக் கட்டும் முழு உடல் ஹார்னஸ்தான் சரி. கேட்டு வாங்குங்கள். பாதி வழியில் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தால் அதைத் திரும்பச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நாமாகவே மாட்டிக்கொண்டு ஏறிவிடக் கூடாது.

இனி, என் மனத்தில் மிகவும் கனக்கும் விஷயம். தரைக்குக் கொஞ்சம் மேலே ஒரு பயிற்சிக் கம்பி இருக்கும். அங்கே பதினைந்து, இருபது நிமிடம் விளக்குவார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்வார்கள். நம்மில் பலர் அந்த நேரத்தில்தான் படம் எடுப்பார்கள், கடைசிப் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பார்கள், அத்தைக்கு வாட்ஸ்அப் அனுப்புவார்கள். அன்றைய நாளில் நம் உயிர் சார்ந்திருக்கிற ஒரே பாடம் அதுதான். மொழி புரியாத பெரியவர் யாராவது கூட வந்திருந்தால், நிறுத்தி, தமிழில் அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

அந்தப் பாடத்தின் சாரம் கொக்கிகள். நம் ஹார்னஸிலிருந்து இரண்டு குட்டைக் கயிறுகள் தொங்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி. பரணிலிருந்து அடுத்த தடைக்கு மாறும்போது ஒன்றைக் கழற்றி அடுத்த கம்பியில் மாட்டி, அது மூடியதைக் கண்ணால் பார்த்து, கையால் இழுத்துப் பார்த்த பிறகே இரண்டாவதைக் கழற்ற வேண்டும். எந்த நொடியிலும் ஒன்றாவது கம்பியில் இருக்க வேண்டும். சில பூங்காக்களில் ஒரு கொக்கி பூட்டிக்கொண்டால்தான் மற்றது திறக்கும். இன்னும் சில இடங்களில் தொடக்கத்தில் மாட்டினால் கடைசிப் பரண் வரை கழற்றவே முடியாத அமைப்பு இருக்கும். நீங்கள் போகும் இடத்தில் எது என்று முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போன விடுமுறையில் வேறு பூங்காவில் கழற்றவே முடியாத வகையில் பழகிய பிள்ளை, இந்த முறை இரட்டைக் கொக்கியில் அசட்டையாக இருக்கும். அந்தப் பழக்க மாற்றம்தான் எனக்குப் பயமூட்டுகிறது.

இன்னொரு தவறு நானே செய்தது. பிடித்துக்கொள்ள ஒரு கயிறும் பாதுகாப்புக்கு ஒரு கம்பியும் பக்கத்தில் பக்கத்தில் போகும். ஐந்தாவது, ஆறாவது பரணில் கை களைத்து, பின்னால் ஆள் நிற்கிறார் என்ற அவசரத்தில், கொக்கியைப் பிடிகயிற்றில் மாட்டிவிட்டேன். என் மகள்தான் பின்னாலிருந்து, “அப்பா, அது தப்பான கயிறு” என்றாள். அவளுக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பரணிலும் இரண்டு பேர். ஒருவர் கொக்கியை மாட்டுவார், மற்றவர் பார்த்து “சரி” என்று சத்தமாகச் சொல்வார். அந்தச் சொல் வராமல் கால் எடுத்து வைப்பதில்லை. பின்னால் வருபவர் காத்திருக்கட்டும். பரணில் எத்தனை பேர் நிற்கலாம் என்று பலகையில் எழுதியிருப்பார்கள், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. தடையின் மேல் ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

அடுத்தது பிள்ளைகளின் பயம். அண்ணன் மகனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது முதல் பரணில் நின்று, “சித்தப்பா, நான் வரல” என்றான். கீழேயிருந்து அவன் அப்பா ஒன்று சொல்கிறார், மாமா ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன். “தங்கச்சியே போறா, உனக்கென்ன?” என்று யாரோ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் நகர்ந்தான். நான்காவது பரணில் மரத்தைக் கட்டிக்கொண்டு உறைந்துபோனான். பணியாளர் ஒருவர் ஏணியில் ஏறிப் போய், அவனோடு மெதுவாகப் பேசி, கயிற்றில் இறக்கிக்கொண்டு வந்தார். இருபது நிமிடம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் விளையாட்டுத் திடலில் ஏணிப்படி ஏறக்கூட அவன் சம்மதிக்கவில்லை. அந்தப் பயத்தைக் கொடுத்தவர்கள் நாங்கள்.

முதல் பரணில் “வேண்டாம்” என்று சொல்லும் பிள்ளையை அங்கேயே இறக்கிவிட வேண்டும். முதல் சில படிகள் வரை திரும்புவது சுலபம், தாண்டிவிட்டால் மீட்பு தேவைப்படும். கீழே நிற்பவர்களில் ஒருவர் குரல் மட்டும் கேட்கட்டும், அதுவும் பணியாளர் குரலாக இருந்தால் நல்லது. வரிசையில் அனுபவமுள்ள பெரியவர் முதலில், பிள்ளை நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியில். அண்ணன் மகனை மூன்றாம் வருடம் சின்னப் பிள்ளைகளுக்கான தாழ்வான தடத்துக்குக் கூட்டிப்போனோம். அவனாகக் கேட்டதால் போனோம்.

படம் எடுக்கத் தடத்துக்கு நேர் கீழே நிற்பதும் தவறுதான். மேலே போகிறவர் பாக்கெட்டிலிருந்து தொலைபேசி விழுந்தால், பத்து மீட்டர் உயரத்திலிருந்து அது நம் தலையில் விழும் கல். மேலே போகிறவர் தொலைபேசியை எடுத்துப் போவதே வேண்டாம். கார் சாவி, நாணயம் எதுவும் வேண்டாம்.

ஏறிய பிறகு கை சீக்கிரம் களைப்பது பலருக்கும் நடப்பது. கயிற்றைக் கைகளால் இறுக்கிப் பிடித்து உடலை இழுத்துக்கொண்டு போவார்கள். கால்தான் உடலைத் தாங்க வேண்டும், கை சமநிலைக்கு மட்டும். ஆடும் கட்டையில் காலை நடுவில் வையுங்கள், அது ஆடித் தள்ளிப் போவதற்குள் அடுத்த காலை எடுத்து வையுங்கள். கண் அடுத்த பரணில் இருக்கட்டும், கால் கீழே தேடித் தடுமாறும்போது மட்டும் பாருங்கள். தவறி விழுந்தால் கயிறு சட்டென்று பிடித்துக்கொள்ளும், அரை மீட்டர்தான் கீழே இறங்குவீர்கள். மீண்டும் ஏற முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் குரல் கொடுங்கள். அசையாமல் வெகுநேரம் தொங்கினால் ரத்தம் கால்களில் தேங்கித் தலைசுற்றும். உதவி வரும் வரை கால்களை உதைத்து அசைத்துக்கொண்டிருங்கள்.

ஜிப்லைனில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: சறுக்கும்போது கப்பிக்கு முன்னால் கம்பியைத் தொடக் கூடாது. ஓடும் சக்கரத்துக்கு முன்னே விரலை வைத்தால் அது விரல் மேல் ஏறிவிடும். எங்கே பிடிக்க வேண்டும் என்று பணியாளர் காட்டியதை மட்டும் பிடியுங்கள். புறப்படும்போது குதிக்காதீர்கள், உட்காருவது போல் இறங்கி, கயிறு இறுகியதும் காலை விடுங்கள். வந்து சேரும்போது முட்டியை மடித்துக் காலை முன்னால் நீட்டுங்கள். நடுவில் நின்றுவிட்டால் பதற வேண்டாம். போகும் திசைக்கு முதுகைக் காட்டி, கம்பியைக் கைமாற்றி மாற்றி இழுத்துப் பரண் வரை வரலாம். எடை குறைந்த பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கும், பயிற்சிக் கம்பியிலேயே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

நேரம் பற்றி: நம் ஊரில் பிற்பகல் இடிமழை புதிய செய்தி அல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கு உலகத்திலேயே மின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று, ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இன்னும் அதிகம். இடிச்சத்தம் கேட்டால் எல்லாரையும் இறக்கிவிடுவார்கள், இறக்கத்தான் வேண்டும். காசு கொடுத்தோமே என்று பணியாளரிடம் வாதாடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், நெஞ்சு பதறியது. முதல் காலை வேளைக்கே முன்பதிவு செய்யுங்கள். மழையால் நின்றால் வேறு நாள் தருவார்களா என்று அப்போதே படித்துவிடுங்கள். வாராந்திர விடுமுறை நாள் எது என்றும் பாருங்கள். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பசியாறுங்கள். இரண்டு நாசி லெமாக் பொட்டலம் தின்றுவிட்டு ஹார்னஸை இறுக்கினால் வயிறு தாங்காது. தண்ணீர் மட்டும் தாராளமாகக் குடியுங்கள், மரநிழலில் வியர்ப்பது தெரியாது.

பூங்காவையே கொஞ்சம் கவனியுங்கள். 2007இல் முதலில் வெளிவந்த ஈஎன் 15567 என்ற ஐரோப்பியத் தரம் இந்த மாதிரி கயிற்றுத் தடங்களுக்கானது. தினமும் திறக்கும் முன் பார்வையிடுவது, ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுப் பரிசோதனை செய்வது என்று அது சொல்கிறது. “எந்தத் தரத்தைப் பின்பற்றுகிறீர்கள், கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள்?” என்று வரவேற்பில் கேட்டால் நல்ல இடங்களில் தயக்கமில்லாமல் சொல்வார்கள்.

முடித்து இறங்கியதும் காரை உடனே எடுக்காதீர்கள். முன்னங்கை நடுங்கும், பிடி தளர்ந்திருக்கும். தெலுக் பஹாங்கிலிருந்து பத்து ஃபெரிங்கி வழியாகத் திரும்பும் பாதை வளைவு வளைவாக இருக்கும், விடுமுறை நாளில் நெரிசலும் சேரும். அரை மணி நேரம் நிழலில் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு ஐஸ் மைலோ வாங்கிக் கொடுத்து, அவர்கள் எந்தத் தடையை எப்படித் தாண்டினார்கள் என்று சொல்வதைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.