ரிலே சர்வர்களைக் கறுப்புப் பட்டியலில் சரிபார்க்க ஸ்பேம் வடிகட்டியை அமைக்கும் முறை

ஸ்பேம் அனுப்பும் ஐ.பி. முகவரிகளைத் தொகுத்து வைத்திருக்கும் கறுப்புப் பட்டியலில் தேடும் சோதனையை இயக்குவதற்கு முன், உங்கள் அலுவலகத்திற்கு வரும் மின்னஞ்சல் எந்தெந்த ரிலே சர்வர்களை, அதாவது அஞ்சலை வாங்கி அடுத்த சர்வருக்குக் கடத்தும் சர்வர்களை, கடந்து வருகிறது என்பதை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கிண்டியில் முதன்மை சர்வரும் அம்பத்தூரில் மாற்று சர்வரும் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில், கிண்டி சர்வர் எட்டாத நேரத்தில் அம்பத்தூர் சர்வர் அஞ்சலை வாங்கி வைத்திருந்து பின்னர் ஒப்படைக்கும். அப்போது கிண்டி சர்வருக்குத் தெரிவது அம்பத்தூரின் ஐ.பி. முகவரிதான், அதைப் பட்டியலில் தேடினால் ஒரு ஸ்பேமும் பிடிபடாது. ஸ்பேம் அனுப்புவோர் காவல் குறைந்த மாற்று சர்வரையே முதலில் நாடுவதும் உண்டு என்பதால், இரண்டு இடங்களிலும் ஒரே சோதனை இருக்கவேண்டும்.

சோதனை, இணையப் பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் வழியாக நடக்கிறது. 192.0.2.45 என்ற முகவரியிலிருந்து அஞ்சல் வந்தால், அதன் எண்களைத் தலைகீழாக்கி 45.2.0.192 என்று எழுதி, அதன் பின்னால் பட்டியலின் பெயரைச் சேர்த்து சர்வர் வினவும். 127.0.0.2 போன்ற விடை வந்தால் அம்முகவரி பட்டியலில் உள்ளது. அப்படி ஒரு பெயரே இல்லை என்று வந்தால் பட்டியலில் இல்லை. கறுப்புப் பட்டியல்களை வெளியிடும் ஸ்பாம்ஹாஸ் நிறுவனத்தின் ஜென் பட்டியலில் 127.0.0.10, 127.0.0.11 ஆகிய விடைகள், நேரடியாக அஞ்சல் அனுப்பக்கூடாத வீட்டு இணைப்பு போன்ற முகவரிகளைக் குறிக்கும்.

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் இதற்கான கட்டளை ரிஜெக்ட் ஆர்பிஎல் கிளையன்ட் என்பதாகும். அமைப்புக் கோப்பில் எழுதும்போது சொற்களுக்கிடையே அடிக்கோடு இடவேண்டும். உங்கள் சொந்த நெட்வொர்க்கையும் கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவர்களையும் அனுமதிக்கும் கட்டளைகளுக்குப் பிறகே இது வரவேண்டும். வரிசை மாறினால், தாம்பரத்தில் தன் வீட்டு பிராட்பேண்டிலிருந்து அஞ்சல் அனுப்பும் உங்கள் ஊழியரையே சர்வர் திருப்பி அனுப்பிவிடும்.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் இனிமேல்தான் வருகிறது. கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாக வினவினால், ஸ்பாம்ஹாஸ் 127.255.255.254 என்ற பிழை விடையைத் தரும். எந்த விடை வந்தாலும் பட்டியலில் இருப்பதாகவே போஸ்ட்ஃபிக்ஸ் கொள்ளும் என்பதால், நல்ல அஞ்சல் உட்பட அனைத்தும் நிராகரிக்கப்படும். ஆகவே அன்பவுண்ட் போன்ற டிஎன்எஸ் மென்பொருளை உங்கள் சர்வரிலேயே, வேறு டிஎன்எஸ் சேவைக்கு வினாவைக் கைமாற்றாதபடி இயக்குங்கள். பட்டியலின் பெயரை அடுத்துச் சமக்குறியிட்டு, 127.0.0.[2..11] என்ற வரம்பையும் எழுதுங்கள். பிறகு 2.0.0.127 என்பதைப் பட்டியலின் பெயருடன் சேர்த்து நீங்களே வினவிப் பாருங்கள்; சோதனைக்காகவே இருக்கும் இந்தப் பதிவுக்கு விடை வந்தாக வேண்டும்.

ஸ்பாம்அசாசின் என்ற ஸ்பேம் வடிகட்டி, அஞ்சல் கடந்து வரும் ஒவ்வொரு சர்வரும் அதன் தலைப்பில் எழுதிச் சேர்க்கும் ரிசீவ்ட் வரிகளைப் படித்து ரிலே சர்வர்களைக் கண்டறிகிறது. இவ்வரிகளில் உங்கள் சர்வர்கள் எழுதியவற்றை மட்டுமே நம்பலாம். அவற்றுக்குக் கீழே இருப்பவற்றை யார் வேண்டுமானாலும் போலியாக எழுதியிருக்கலாம். எனவே டிரஸ்டட் நெட்வொர்க்ஸ், இன்டர்னல் நெட்வொர்க்ஸ் ஆகிய இரண்டு அமைப்புகளிலும் கிண்டி, அம்பத்தூர் முகவரிகளை எழுதுங்கள். அப்போதுதான் அம்பத்தூருக்கு அஞ்சலைக் கொடுத்த வெளி சர்வர் சரியாக அடையாளம் காணப்படும். தாம்பரத்து ஊழியரின் அஞ்சலையும் இதே வடிகட்டி படிக்குமானால், அவர் கடவுச்சொல் கொடுத்து நுழைந்தார் என்பதை ரிசீவ்ட் வரியில் பதியுமாறு போஸ்ட்ஃபிக்ஸை அமைக்கவேண்டும். இயல்பாக அது அவ்வாறு பதிவதில்லை. பதிந்தால் அவருடைய பயனர் பெயரும் வரியில் வெளிப்படும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பாருங்கள்.

தொடக்க நாட்களில், போஸ்ட்ஃபிக்ஸின் ரிஜெக்ட் ஆர்பிஎல் கிளையன்ட் கட்டளைக்கு முன்னால் வார்ன் இஃப் ரிஜெக்ட் என்ற முன்னொட்டைச் சேர்த்தால், அஞ்சல் தடுக்கப்படாமல் எச்சரிக்கை மட்டும் பதிவுக்கோப்பில் விழும். வாடிக்கையாளர்களின் சர்வர்கள் அதில் தென்படுகின்றனவா என்று சில நாட்கள் பார்த்து, தென்பட்டவற்றை அனுமதிப் பட்டியலில் சேர்த்த பின் முன்னொட்டை நீக்குங்கள். பழைய அமைப்பிலிருந்து வந்த பட்டியல் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். 2024 ஜூனில் மூடப்பட்ட சார்ப்ஸ் என்ற கறுப்புப் பட்டியல் இன்னும் உங்கள் கோப்பில் இருந்தால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.