பொன்னாலையில் நின்று ஆர்க்டிக்கை ஆராய்வது எப்படி

"ரீச்சர், துருவப் பிரதேச ஆராய்ச்சி செய்யிறதெண்டால் எங்கை போய்ப் படிக்க வேணும்?" என்று உயர்தர உயிரியல் வகுப்பில் வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். நோர்வே, கனடா என்று சொல்லி அனுப்பிவிடலாம். நான் யாழ்ப்பாணத்துப் பொன்னாலைப் பாலத்தடிக்குப் போகச் சொல்கிறேன். காரைநகருக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் கடல்நீரேரி. செப்டெம்பரில் அங்கே சேற்றில் நிற்கிற சின்னப் பறவைகளில் பலவற்றுக்கு ஆர்க்டிக்தான் பிறந்த ஊர்.

இங்கே நான் சொல்லித் தருவது ஒரேயொரு வேலை. ஒரு பறவை இனத்தில் எத்தனை குஞ்சு (அந்த வருடம் பிறந்தது), எத்தனை பெரியது (வளர்ந்தது) என்று எண்ணுவது. சின்ன வேலைதான், ஆனால் ஏழாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் போன கோடையில் என்ன நடந்தது என்று அதிலிருந்து கணிசமாகச் சொல்ல முடியும். தென்துருவத்தை இதில் சேர்க்கவில்லை. அங்கே பூர்வீக மக்கள் கிடையாது, அங்கிருந்து நம் சேற்றுக்கு வந்து மேய்கிற கூட்டமும் கிடையாது.

பறவையின் விஞ்ஞானப் பெயர் கலிட்ரிஸ் ஃபெருஜினியா. நான் வளைமூக்கு உள்ளான் என்று எழுதுவேன். ஏறத்தாழ 60 கிராம் எடை. சைபீரியாவின் வட விளிம்பில், தைமிர் குடாநாட்டிலும் அதற்குக் கிழக்கேயும், மரமில்லாத தூந்திர நிலத்தில் ஜூனில் முட்டையிடும், பெரும்பாலும் நான்கு. ஆண் அடைகாப்பதில்லை. ஜூலை தொடக்கத்திலேயே தெற்கே கிளம்பிவிடும். பெண் அதற்குப் பின்னால், குஞ்சுகள் எல்லாருக்கும் பின்னால், வழிகாட்ட ஆளில்லாமல் தாங்களாகவே வரும். இந்த வரிசையை மனதில் வைத்திருங்கள், எண்ணும்போது தேவைப்படும்.

இப்போது லெமிங் கதை. லெமிங் என்பது தூந்திரத்தில் வாழும் எலி போன்ற சிறு விலங்கு. பனிக்காலம் முழுக்கப் பனிக்கடியில் புல்லும் பாசியும் தின்று அங்கேயே குட்டி போடும். தைமிரில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை அளவில் இவை பெருகி, அடுத்த வருடம் விழுந்துவிடுவது வழக்கமாக இருந்தது. பெருகிய வருடத்தில் ஆர்க்டிக் நரியும் பனி ஆந்தையும் ஸ்குவா என்ற கடற்பறவையும் லெமிங்கைத் தின்று கொழுக்கும், குட்டிகளும் கூடும். அடுத்த வருடம் லெமிங் இல்லை, ஆனால் பசித்த நரிகள் நிறைய. அவை பறவைக் கூடுகள் பக்கம் திரும்பும். ஆகவே லெமிங் விழுந்த வருடத்தில் உள்ளான் குஞ்சுகள் தப்புவது அரிது. தென்னாபிரிக்காவில் குளிர்காலம் கழிக்கும் இதே இனத்தின் குஞ்சு விகிதத்தைப் பார்த்தே, சைபீரியாவின் லெமிங் ஏற்ற இறக்கத்தை ஆய்வாளர்கள் படித்திருக்கிறார்கள். நம் சேற்றில் அதைச் செய்யக் கூடாதென்று சட்டம் இல்லை.

சாமான் அதிகம் வேண்டாம். 8×42 பைனாகுலர் ஒன்று. பாடசாலையில் ஸ்கோப் இருந்தால் பெரிய உதவி, 20 முதல் 60 மடங்கு வரை பெரிதாக்கும் வகை நல்லது. ஸ்கோப்பின் கண்ணாடியில் கைபேசியை வைத்துப் படமெடுத்தால், சந்தேகம் வந்த பறவையை வீட்டில் ஆறுதலாகப் பார்க்கலாம். ஒற்றை றூள் கொப்பி, பென்சில். பேனை வாடை மழையில் ஊறிப்போகும்.

நேரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். ஓகஸ்ட்டில் முதலில் இறங்குவது பெரியவை. அவற்றின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக மிச்சமிருக்கும், அழகுக்குப் பார்க்கலாம், எண்ண வேண்டாம். குஞ்சுகள் செப்டெம்பரில் வரத் தொடங்கும். செப்டெம்பர் கடைசி வாரம் முதல் ஒக்டோபர் முடிய எண்ணுங்கள். நவம்பரில் வாடை மழை இறங்கினால் நீர் ஏறிச் சேறு மறைந்துவிடும், குஞ்சும் நிறம் மாறத் தொடங்கும். நம் கடல்நீரேரியில் வற்றுப்பெருக்கு சிறியது, காற்றும் மழையும்தான் நீர்மட்டத்தைப் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. அதனால் பெருக்கு அட்டவணை தேடி மினக்கெடாதீர்கள். முதல் நாள் பின்னேரம் போய்ச் சேறு தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தால் போதும்.

பொன்னாலை, பண்ணை வீதி, மண்டைதீவு, அராலி, செம்மணி, நாவற்குழிப் பக்கம் எல்லாம் சைக்கிளில் போகக்கூடிய இடங்கள். சுண்டிக்குளம் அருமையான இடம், ஆனால் தனியாகப் போக வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள எந்த நிலத்திலும் கால் வைக்கக் கூடாது, பறவை எவ்வளவு கிட்ட நின்றாலும் சரி. முகாம் அருகில் பைனாகுலரைத் தூக்குமுன் காவலில் நிற்பவரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். பறவைப் படப் புத்தகம் கையில் இருந்தால் விளக்கம் சுருங்கும்.

இனி அடையாளம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எல்லாச் சிறு உள்ளானும் முதலில் ஒன்றாகவே தெரியும், பயப்பட வேண்டாம். கொசு உள்ளான் மிகச் சின்னது, சொண்டு குட்டை, சேற்றின் மேற்பரப்பைக் கொத்திக்கொண்டு ஓடும். சதுப்பு உள்ளானின் சொண்டு ஊசிபோல் நேர், கால் பச்சை சார்ந்தது. நமக்கு வேண்டியதற்கு கால் கறுப்பு, சொண்டு கறுப்பு, நீளம், நுனியை நோக்கிச் சீராகக் கீழே வளைந்திருக்கும். முழங்கால் நீரில் நின்று, தலையை நிமிர்த்தாமல் தையல் மெசின் ஊசிமாதிரி விடாமல் குத்திக்கொண்டு முன்னே போகும். பறந்தால் வாலடி வெள்ளையாகத் தெரியும், அதோடு சந்தேகம் தீர்ந்துவிடும்.

பெரியதா குஞ்சா என்று பார்க்க முதுகைப் பாருங்கள். குஞ்சின் முதுகிறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர் விளிம்பு, அதற்கு உள்ளே கருங்கோடு, தூரத்தில் பார்த்தால் மீன்செதில் அடுக்கிய மாதிரி இருக்கும். நெஞ்சில் மெல்லிய மஞ்சள் கலந்த பீச் நிறம். பெரியதன் முதுகு ஒக்டோபரில் வெறும் சாம்பல், நெஞ்சு வெள்ளை, சிலதில் பழைய செம்மை ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதுகு தெரியாவிட்டால் பறக்கும்வரை காத்திருங்கள். பெரியவை இங்கே வந்துதான் சிறகிறகு மாற்றும், ஆகவே அந்த மாதங்களில் சிறகின் பின்விளிம்பில் பல் விழுந்த இடைவெளி தெரியும். குஞ்சின் சிறகு புத்தம் புதுசு, இடைவெளி இராது. இந்த ஒரு குறிப்பு எனக்குப் புத்தகத்தின் பத்துப் பக்கத்தைவிடப் பயன்பட்டிருக்கிறது.

எண்ணும் முறையில்தான் பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள். கிட்ட நிற்பதை மட்டும் எண்ணினால் கணக்குப் பிழைக்கும், ஏனென்றால் குஞ்சுகள் பெரும்பாலும் கூட்டத்தின் ஓரத்தில், இரை குறைந்த இடத்தில் ஒதுங்கி நிற்கும். முதலில் மொத்தக் கூட்டத்தை எண்ணி எழுதுங்கள். பிறகு இடது ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு ஐந்தாவது பறவையையும் பார்த்து "பெரியது", "குஞ்சு", "தெரியவில்லை" என்று மூன்று நிரலில் கோடு போடுங்கள். ஒரே நாளில் குறைந்தது இரண்டு மூன்று கூட்டங்களாவது வேண்டும். உதாரணமாக 80 பறவையின் வயது தெரிந்து, அதில் 12 குஞ்சு என்றால் விகிதம் 15 வீதம். "தெரியவில்லை" நிரலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அழிக்கவும் கூடாது. அந்த நிரல் நீளமாக இருந்தால் அன்று வெளிச்சம் சரியில்லை, இன்னொரு நாள் போக வேண்டும்.

சரி, 15 வீதம் வந்தது. அது கூடவா குறைவா? ஒரு வருடத்து எண் ஒன்றும் சொல்லாது. அடுத்த வருடத்தோடும் அதற்கடுத்த வருடத்தோடும் வைத்துத்தான் பேசும். அதனால் இதை ஒரு பிள்ளையின் செயற்றிட்டமாக முடிக்காமல் பாடசாலைச் சூழல் கழகத்தின் கொப்பியாக வைத்திருங்கள். அக்காமார் எழுதியதைத் தங்கச்சிமார் தொடரட்டும். மறுபக்கத்தை ஒப்பிடவும் வழி உண்டு. ஆர்க்டிக்கில் வேலை செய்யும் பறவையியலாளர்கள் லெமிங் எவ்வளவு, நரி எவ்வளவு, பனி எப்போது உருகியது, குஞ்சு தப்பியதா என்று இடவாரியாக எழுதிய அறிக்கைகளை ரஷ்ய ஆய்வாளர்கள் 1988 முதல் தொகுத்து வந்திருக்கிறார்கள், இணையத்தில் பார்க்கலாம். அவர்களுடைய ஜூலையையும் உங்கள் ஒக்டோபரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பொருந்தவில்லை என்றால் தலையில் கைவைக்க வேண்டாம், அங்கேதான் விஷயம் சூடாகிறது. கிரீன்லாந்தின் சாக்கன்பெர்க்கில் லெமிங் சுழற்சியே 2000க்குப் பிறகு குலைந்துவிட்டது. பனிக்காலத்தின் நடுவில் வெப்பம் ஏறி, பனி உருகி, திரும்ப உறைந்தால் புல்லின் மேல் பனிக்கட்டி ஓடு ஒன்று மூடிக்கொள்ளும். கீழே இருக்கும் லெமிங்குக்கு உணவில்லை. அதே ஓடு கலைமானையும் கொல்லும். 2013 நவம்பரில் வட சைபீரியாவின் யமால் குடாநாட்டில் பனிமேல் மழை பெய்து உறைந்தது. குளம்பால் பனியைக் கிளறிப் பாசி தின்னும் கலைமான்களால் அந்த ஓட்டை உடைக்க முடியவில்லை, 60,000க்கும் மேல் பட்டினியில் செத்தன. அவை நெநெட்ஸ் மக்களின் கலைமான்கள். உணவும், உடையும், கூடாரத் தோலும், வண்டி இழுக்கும் விலங்கும் அவர்களுக்கு அதுதான். பொன்னாலைச் சேற்றில் குஞ்சு குறைவாக இருந்தால் யமாலிலோ தைமிரிலோ ஒரு குடும்பத்துக்குப் பனிக்காலம் எப்படிப் போனது என்று தேடிப் பாருங்கள். எல்லா முறையும் தொடர்பு இராது, சில முறை இரண்டுக்கும் காரணம் ஒரே ஓடாக இருக்கும்.

மக்களைப் பற்றிப் படிக்கும்போது இனம், இடம் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். நெநெட்ஸ் யமாலிலும் அதன் இருபுறமும், டொல்கன், ஙனசன் மக்கள் தைமிரில், சாமி மக்கள் ஸ்கண்டிநேவியாவின் வடக்கே, இனுயிட் மக்கள் கிரீன்லாந்து, கனடா, அலாஸ்காவில். ஙனசன் மக்கள் ஆயிரத்துக்கும் குறைவு. "துருவவாசிகள் பனிவீட்டில் வாழ்கிறார்கள்" என்று எழுதிக்கொண்டு வந்த கொப்பிக்கு நான் புள்ளி போடுவதில்லை. 1996இல் உருவான ஆர்க்டிக் பேரவையில் எட்டு நாடுகளோடு ஆறு பூர்வீக மக்கள் அமைப்புகளும் நிரந்தரப் பங்காளர்களாக மேசையில் இருக்கின்றன. அவர்கள் சொன்னதையும் தேடி வாசியுங்கள்.

ஒரு உதாரணம் போதும். 1977இல், அலாஸ்காவில் வில்தலைத் திமிங்கிலம் மிகக் குறைந்துவிட்டதென்று சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு வேட்டையை நிறுத்தச் சொன்னது. பனி விளிம்பில் நின்று கண்ணுக்குத் தெரிந்ததை எண்ணிய கணக்கு அது. உட்கியாக்விக் ஊரின் (அப்போது பரோ) இனுப்பியாட் வேட்டைக்காரர், "பனிக்கடியாலும் போகும், தலையால் பனியை உடைத்து மூச்சு விடும், நீங்கள் பாதியைக் கூடக் காணவில்லை" என்றார்கள். பின்னர் ஆய்வாளர் நீருக்குள் ஒலிவாங்கி இறக்கிக் கேட்டார்கள், பனிக்கடியிலிருந்து திமிங்கிலங்களின் குரல் வந்தது. 2011 கணக்கெடுப்பில் தொகை ஏறத்தாழ 17,000.

ஆகவே உங்கள் வேலையின் இரண்டாம் பாதி, சேற்றோரம் வலை சிக்கெடுக்கிற ஐயாமாரிடம் கேட்பது. போன உடனே கொப்பியை விரிக்காதீர்கள். வேலை முடியும்வரை நின்று, என்ன செய்கிறோம் என்று சொல்லி, எழுதலாமா என்று கேளுங்கள். "இந்த வருசம் பறவை குறைவோ ஐயா?" என்று கேட்டால் மரியாதைக்கு "ஓம் பிள்ளை" என்றுவிடுவார். "இந்தச் சின்னனுகள் எப்ப வரத் தொடங்கும்?" என்று கேளுங்கள். எனக்கு ஒருவர், "சோழகம் (தென்மேற்குக் காற்று) குறையேக்கை வரும். முதல் வாறது சிவப்பு, பேந்து வாறது பயமில்லாதது, கிட்டப் போனாலும் பறவாது" என்றார். பெரியது முன்னே, குஞ்சு பின்னே என்ற வரிசையை அவர் ஸ்கோப் இல்லாமல் சொல்லிவிட்டார். அவர் பெயரைப் போட விரும்பினால் போடுங்கள், விரும்பாவிட்டால் ஊரை மட்டும் எழுதுங்கள்.

கணக்கை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள், வயதுவாரியாக எழுத அங்கே இடம் உண்டு. ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், அதிலும் சேரலாம். காலில் ஆய்வாளர் மாட்டிய வளையமோ கொடியோ கண்டால் நிறம், எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, எழுத்து என்ன என்ற நான்கையும் குறித்துப் படமெடுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல காலமாக வளையமிடுகிறது, அங்கிருந்து ஒன்று தவறி இங்கே வரக்கூடும். இந்த உள்ளான் 2024இல் உலகச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்துள்ள இனங்களின் வரிசைக்கு ஏறிவிட்டது, ஆகவே நல்ல படத்துக்காகக் கூட்டத்தைக் கலைத்துப் பறக்கவிட வேண்டாம். பாலத்தில் சைக்கிளை ஸ்ரான்ட் போடும்போது இடது ஓரமாக, லொறிக்கு வழிவிட்டுப் போடுங்கள்.