குதிரை டிரெய்லர் வாங்கப் போனால் படுக்கையைக் கடைசியில் பாருங்கள்

அமெரிக்காவில் குதிரை வளர்ப்பவர்கள் சனி ஞாயிறு காட்டுப்பாதையில் ட்ரெயில் சவாரிக்கோ ஊர் தாண்டிப் போட்டிக்கோ போக ஆரம்பித்ததும் அடுத்ததாக ஆசைப்படுவது, முன்பக்கம் ஒரு படுக்கை, ஒரு சின்ன சிங்க், கூரையில் ஒரு ஏசி உள்ள டிரெய்லருக்குத்தான். வீக்கெண்டர் என்று சொல்வார்கள். சமையலறை, ஷவர் எல்லாம் உள்ள முழு லிவிங் குவார்ட்டர்ஸ் டிரெய்லரைவிட விலை குறைவு, எடையும் குறைவு. ஆசை நியாயமானதுதான். ஆனால் விற்கிற இடத்துக்குப் போனதும் எல்லாரும் நேராகப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து மெத்தையை அமுக்கிப் பார்க்கிறார்கள், அலமாரியைத் திறந்து மூடுகிறார்கள், குதிரை நிற்கிற இடத்தைப் போகிற போக்கில் எட்டிப் பார்க்கிறார்கள், இழுக்கப் போகிற பிக்கப்பால் இது முடியுமா என்று யோசிப்பது முன்பணம் கொடுத்த பிறகு. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட்டாலே பாதித் தவறுகள் குறைந்துவிடும்.

முதலில் பிக்கப். "என் வண்டி 11,000 பவுண்ட் இழுக்கும்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பிக் கிளம்புவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. இழுக்கிற திறன் வேறு, முதுகில் சுமக்கிற திறன் வேறு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் பேலோடு. டிரெய்லரின் மூக்கு வண்டியை அழுத்துகிற எடையும் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு குதிரை ஏற்றுகிற, முன்னால் படுக்கை அறை உள்ள, பிக்கப்பின் பின்பக்க ஹிட்ச்சில் (இணைப்பில்) மாட்டி இழுக்கிற பம்பர் புல் டிரெய்லர், காலியாக 4,200 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலா 1,100 பவுண்டில் இரண்டு குதிரை, 2,200. தண்ணீர் ஒரு காலன் 8.3 பவுண்ட், 20 காலன் தொட்டி நிறைத்தால் கிட்டத்தட்ட 170. வைக்கோல், சேணம், தீவனம் 450. மெத்தை, பாத்திரம், துணிமணி 280. மொத்தம் 7,300. பம்பர் புல்லில் இதில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல் உட்காரும். தங்குகிற அறையும் தண்ணீரும் முன்பக்கமே இருப்பதால் 15 என்று வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம், அதாவது 1,095. அப்புறம் வண்டிக்குள் இரண்டு பேர் 340, எடை பகிர்கிற ஹிட்ச் 100, பின்னால் ஜெனரேட்டரும் ஐஸ் பெட்டியும் 200. கூட்டினால் 1,735. உங்கள் அரை டன் பிக்கப்பின் (அது வகையின் பெயர்தான், சுமக்கிற அளவு அல்ல) ஸ்டிக்கர் 1,600 என்று சொன்னால், இழுக்கிற திறனில் இன்னும் 3,700 பவுண்ட் பாக்கி இருந்தும் நீங்கள் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். பின்பக்கம் தாழும், முன்சக்கரப் பிடிப்பு குறையும், பெரிய லாரி ஒன்று கடந்து போகிற காற்றுக்கே டிரெய்லர் வாலாட்டும்.

சரி, பிக்கப்பின் சாமான் தொட்டிக்குள் மாட்டுகிற கூஸ்நெக் டிரெய்லரை வாங்கிவிடலாம் என்பீர்கள். நல்ல யோசனைதான். பிக்கப்பின் பின் அச்சுக்கு மேலேயோ சற்று முன்னாலேயோ மாட்டுகிற இரும்புப் பந்து இருப்பதால் ஆட்டம் நன்றாகவே குறையும், படுக்கையும் மூக்குப் பகுதியில் போய்விடும். ஆனால் இங்கே 20 முதல் 25 சதவீதம் எடை வண்டியின் முதுகில் இறங்குகிறது. 12,000 பவுண்ட் கூஸ்நெக் என்றால் 2,400 முதல் 3,000 வரை. முக்கால் டன் டீசல் பிக்கப்புகளில் இன்ஜின் எடையே கூடுதல் என்பதால் பேலோடு நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். ஸ்டிக்கரைப் பார்க்காமல் "டீசல்தானே, எதையும் இழுக்கும்" என்று போகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். சாமான் தொட்டி ஐந்தரை அடிதான் நீளம் உள்ள பிக்கப் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு, கூர்மையாகத் திரும்பும்போது டிரெய்லரின் மூக்கு கேபினின் பின்கண்ணாடியில் போய் இடிக்கலாம்.

பட்டியலில் போட்டிருக்கிற காலி எடையையும் முழுசாக நம்ப வேண்டாம், முக்கியமாக யாரோ வீட்டிலேயே அலமாரியும் ஏசியும் வைத்து வீக்கெண்டராக மாற்றிய பழைய டிரெய்லர்களில். குதிரை, தண்ணீர், வைக்கோல் எல்லாம் ஏற்றி, நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் இருக்கிற கேட் ஸ்கேல் (CAT Scale) என்கிற எடை மேடையில் ஒருமுறை நிறுத்திவிடுங்கள். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியாக எடை வந்துவிடும், செலவும் கொஞ்சம்தான். லைசென்ஸ் விஷயமும் இங்கேயே: வண்டி, டிரெய்லர் இரண்டின் மதிப்பிட்ட எடையும் (தயாரிப்பாளர் குறித்த அதிகபட்ச எடை) சேர்ந்து 26,001 பவுண்டைத் தொட்டு, டிரெய்லர் மட்டும் 10,000-க்கு மேல் என்றால், டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் சொந்த உபயோகத்துக்கே கனரக வண்டிக்கான கிளாஸ் ஏ லைசென்ஸ் கேட்பார்கள். உங்கள் மாநிலச் சட்டத்தை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மாட்டுகிற இடம். பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டுகிற டிரெய்லரின் கப்ளர் 2 5/16 அங்குலப் பந்துக்கானது, வண்டியில் இருப்பதோ 2 அங்குலப் பந்து. தாழ்ப்பாள் ஒழுங்காகவே விழும், பார்க்கவும் சரியாகவே இருக்கும், முதல் பள்ளத்தில் எகிறிக் கழன்றுவிடும். பந்தின் தலையில் அளவு பொறித்திருக்கும், குனிந்து படியுங்கள். பூட்டிய பிறகு டிரெய்லர் ஜாக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது. டிரெய்லரையும் வண்டியையும் இணைக்கிற பாதுகாப்புச் சங்கிலிகள் குறுக்காகப் போக வேண்டும். டிரெய்லர் கழன்றுபோனால் தானே பிரேக் போடுகிற பிரேக்அவே கம்பியைச் சிலர் அந்தச் சங்கிலியிலேயே மாட்டிவிடுகிறார்கள், அது வண்டியின் உடம்பில் தனியாக மாட்ட வேண்டியது. குதிரை ஏற்றாமல் அதன் ஊசியைப் பிடுங்கிவிட்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் அதற்கென்று டிரெய்லரில் இருக்கிற குட்டி பேட்டரி செத்திருக்கும். பழைய டிரெய்லர் விற்கிறவர்கள் இதைச் சோதித்துக் காட்டச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று திருப்திப்படாதீர்கள். குதிரை டிரெய்லர் வருஷத்தில் பாதி நாள் வெயிலில் சும்மா நிற்கிற வண்டி, ரப்பர் தேய்வதற்கு முன்பே கிழடாகிவிடும். பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்குகிற எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருஷம் தாண்டிய டயரை மாற்றுகிற செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

இனி குதிரை நிற்கிற இடம். ரப்பர் பாயை மடக்கித் தூக்காமல் எந்தப் பழைய டிரெய்லரையும் வாங்க வேண்டாம். மேலே பாய் பளபளவென்று இருக்கும், அடியில் வருஷக்கணக்காக மூத்திரம் ஊறி மரப்பலகை மெத்தென்று ஆகியிருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கும். அலுமினியத் தரை என்றாலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது, மூத்திரம் அதையும் அரித்துக் குழி குழியாக்கும். ஒரு பழைய பாயைக் கீழே விரித்து டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். ஓடுகிற டிரெய்லரில் தரை உடைந்து குதிரையின் கால் சாலையில் உரசினால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்கப் போவதில்லை.

சாய்வாக நிற்க வைக்கிற ஸ்லான்ட் டிரெய்லரில் பின்மூலையில் சேணம் வைக்கிற அறை இருந்தால், இறக்குகிற வழி பாதியாகக் குறைகிறது. முன்னால் நிற்கிற குதிரை விழுந்துவிட்டால் பின்னால் இருக்கிற எல்லாவற்றையும் இறக்கிய பிறகுதான் அதனிடம் போக முடியும். மடக்கி ஒதுக்கக்கூடிய அறையாகப் பாருங்கள், முன்பக்கம் ஆள் நுழைகிற கதவும் இருக்கட்டும். குவார்ட்டர் இனக் குதிரைக்கு 7 அடி உயரம் போதும். வார்ம்பிளட் இனத்துப் பெரிய குதிரை என்றால் ஏழரை அடி வேண்டும், ஸ்லான்ட்டின் நீளமும் அதற்குப் பெரும்பாலும் பற்றாது. குதிரை ஏறத் தயங்கிப் பின்வாங்கினால் "பழகிவிடும்" என்று சொல்கிறவர்கள், அந்த இடத்தில் அது கழுத்தை நீட்ட முடிகிறதா என்று பார்ப்பதில்லை. தலையைத் தாழ்த்த முடியாமல் பல மணி நேரம் கட்டுண்டு நின்றால் மூச்சுக்குழாயில் சேர்கிற தூசியும் சளியும் வெளியேறாது, ஷிப்பிங் ஃபீவர் என்கிற நுரையீரல் தொற்று வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதனால் ஜன்னல், கூரைக் காற்றுவழி எல்லாம் திறந்து மூட வேண்டும், துருப்பிடித்து ஒட்டிப்போயிருக்கக் கூடாது.

கடைசியில் படுக்கைக்கு வருவோம். கூரை ஏசியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதைத் தாங்குகிற சட்டகம் கூரைக்குள் ஏற்கெனவே போட்டிருக்கிறதா, சுவரில் இன்சுலேஷன் உண்டா என்று கேளுங்கள். சட்டகம் இல்லாத கூரையில் ஓட்டை போட்டால் தொய்யும், மழைத் தண்ணீர் ஒழுகும். 13,500 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசியை 2,000 வாட் ஜெனரேட்டர் பெரும்பாலும் கிளப்பாது, மெதுவாகக் கிளப்புகிற சாஃப்ட் ஸ்டார்ட் கருவி பொருத்த வேண்டும். அந்த ஜெனரேட்டரைச் சேண அறையிலோ, படுக்கை ஜன்னலுக்கு நேர் கீழேயோ வைத்து ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, அலாரம் இல்லாமல் உள்ளே தூங்கவே கூடாது. இன்னொன்று, குதிரையை ராத்திரி டிரெய்லரிலேயே கட்டிப்போட்டால் அது காலை மாற்றி மாற்றி உதைக்கிற ஒவ்வொரு முறையும் உங்கள் கட்டில் ஆடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெத்தையும் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. தனியாக ஒரு வேலி பேனலோ மரங்களுக்கு நடுவே கயிறோ ஏற்பாடு செய்யுங்கள்.

ஓட்டும்போது ஒற்றைக் குதிரை என்றால் இடப்பக்கம், ஓட்டுநர் பக்கம் ஏற்றுங்கள், சாலை வலது ஓரத்துக்குச் சரிந்திருக்கும். டிரெய்லர் வாலாட்டினால் வண்டி பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரை விட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கேபினில் இருக்கிற அதன் கட்டுப்பாட்டுக் கருவியில் கையால் கொடுங்கள். பின்கதவைத் திறப்பதற்கு முன்பு குதிரையின் தலைக்கயிறு அவிழ்ந்திருக்க வேண்டும். ஓடுகிற டிரெய்லரின் படுக்கையில் யாரும், குழந்தைகள் உட்பட, படுக்கக் கூடாது.

வழியில் டயர் போனால் சாதாரண சாலை உதவித் திட்டங்கள் பலவும் குதிரை ஏற்றிய டிரெய்லரைத் தொடாது. யூஎஸ்ரைடர் மாதிரி குதிரைக்காரர்களுக்கென்றே இருப்பவற்றைப் பாருங்கள். வண்டியோடு வந்த ஸ்பேனர் டிரெய்லரின் நட்டுக்குச் சேராமல் போகலாம், அதனால் வாங்கிய அன்றே வீட்டு வாசலில் ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். சாலையில் சக்கரம் மாற்ற நேர்ந்தால் 50 மைல் போனதும் இறங்கி நட்டுகளை இன்னொரு தடவை முறுக்க வேண்டும்.