ஒன்ராறியோவில் முதல் கார்: கைக்காசா, கடனா?

கனடாவுக்கு வந்து சில வாரங்களிலேயே, குறிப்பாகப் பனிக்காலம் தொடங்கியதும், கார் இல்லாமல் முடியாது என்ற எண்ணம் வந்துவிடும். அப்போது கொண்டுவந்த சேமிப்பைக் கொடுத்து வாங்குவதா, கடனுக்கு வாங்குவதா என்ற கேள்வியும் எழும். இதற்கு விடை தேடுவதைக் காரிலிருந்து அல்ல, காப்புறுதியிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். புதிதாக வந்தவர்களுக்கு, அதிலும் ஜி2 (முழு ஓட்டுநர் அனுமதிக்கு முந்தைய படி) அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு, காப்புறுதிக் கட்டணம் சில வேளைகளில் காரின் மாதத் தவணையையே எட்டிவிடும். கடனில் வாங்கிய வாகனத்துக்கு மோதல், திருட்டு போன்ற இழப்புகளுக்கான காப்புறுதியையும் கடன் கொடுப்பவர் கட்டாயமாகக் கேட்பார். சொந்தக் காசில் வாங்கிய பழைய காருக்கு அந்தப் பகுதியை நீங்கள் விட்டுவிடலாம். ஆகவே, மனதில் உள்ள இரண்டு மூன்று கார்களுக்கு முன்கூட்டியே காப்புறுதி விலை கேட்டு வையுங்கள். ஊரில் வாகனம் ஓட்டிய அனுபவத்துக்குச் சான்று இருந்தால் அதையும் காட்டுங்கள்.

அடுத்தது வட்டி. இங்கே கடன் வரலாறு, அதாவது வாங்கிய கடன்களை ஒழுங்காகக் கட்டிய பதிவு, இல்லாதவருக்குக் குறைந்த வட்டி கிடைப்பது அரிது. 20,000 டொலரை 9 சதவீத வட்டிக்கு 60 மாதக் கடனாக எடுத்தால் மாதம் ஏறத்தாழ 415 டொலர் கட்ட வேண்டும். வட்டி மட்டும் ஏறத்தாழ 4,900 டொலர். அதே கடனை 84 மாதங்களுக்கு நீட்டினால் தவணை 322 டொலராகக் குறையும், வட்டியோ 7,000 டொலரைத் தாண்டும். விற்பனையாளர் "மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்?" என்று கேட்டால், வரியுடன் சேர்த்து முழு விலை எவ்வளவு, கைக்காசுக்கு வாங்கினால் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். டீலரிடம் கையெழுத்திட்டபின் மனம் மாறினால் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யும் உரிமை ஒன்ராறியோச் சட்டத்தில் பொதுவாக இல்லை என்பதால், அன்றே முடிவெடுக்கச் சொல்லும் வற்புறுத்தலுக்கு இடம் கொடாதீர்கள்.

கைக்காசு கொடுத்து வாங்குவதே எப்போதும் நல்லது என்றும் நான் சொல்லமாட்டேன். கையிருப்பு முழுவதையும் காரில் போட்டுவிட்டு, வேலை கிடைக்கத் தாமதமாகும்போது வீட்டு வாடகைக்குக் கைமாற்று வாங்கும் நிலை மிகவும் வேதனையானது. காரை வாங்கிய பிறகும் ஆறு மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கையில் மிஞ்சுமானால், எளிய, பழைய காரைச் சொந்தக் காசில் வாங்குங்கள். கடன் வரலாற்றை உருவாக்குவதற்காகவே கார்க் கடன் எடுக்கத் தேவையில்லை. ஒரு கடனட்டையை அளவாகப் பயன்படுத்தி, மாதந்தோறும் முழுத் தொகையையும் கட்டிவந்தாலே அது உருவாகும்.

தனியாரிடம் வாங்குபவர்கள், விற்பவரிடமிருந்து பாவித்த வாகனத் தகவல் கோவையை (Used Vehicle Information Package) கேட்டுப் பெற்று, அந்தக் கார்மீது பழைய கடன் ஏதும் நிலுவையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். 13 சதவீத வரியைப் பதிவின்போது தனியாகக் கட்ட வேண்டியிருக்கும் என்பதால், அதையும் ஒதுக்கி வையுங்கள்.

ஆறு மாதச் செலவுக்குக் காசு மிஞ்சாது, வேலைக்குக் காரும் அவசியம் என்றால் கடன் எடுக்கலாம். 60 மாதத்துக்கு மேற்படாத தவணையைத் தேர்ந்தெடுங்கள். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மீதிக் கடன் முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் அபராதமின்றிக் கட்டி முடிக்கலாம். நிரந்தர வேலை கிடைத்ததும் முதலில் அதைச் செய்யுங்கள்.