ஃபேர்ஃபர்டு ஆலயத்தின் சன்னல்களைப் பார்க்கும் முறை

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் மாவட்டத்து ஃபேர்ஃபர்டு ஊரில், கம்பளி வணிகர் ஜான் டேம் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுப்பித்துக் கட்டத் தொடங்கிய தூய மரியாள் பங்கு ஆலயத்தில், அக்காலத்து 28 வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் ஏறத்தாழ முழுமையாக எஞ்சியிருப்பதால், அங்கே செல்பவர் அவசரப்படலாகாது. இன்றும் வழிபாடு நடைபெறும் இடமாதலால், ஆராதனை நேரங்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நுழைந்ததும் பெரிய மேற்குச் சன்னலை நோக்கித் திரும்பிவிடாமல், வடபுறத்தில் ஏவாள் சோதிக்கப்படும் காட்சியிலிருந்து தொடங்குங்கள். மோசே கண்ட எரியும் முட்செடி, பழைய ஏற்பாட்டு வீரர் கிதியோனின் ஆட்டுத்தோல், சேபா அரசி என நகர்ந்து, கிழக்கே இயேசுவின் சிலுவைப்பாடுகளைக் கண்டு தென்புறம் வரும்போதுதான் விவிலியக் கதையின் தொடர்ச்சி விளங்கும். வடசுவரின் இறைவாக்கினர்களும் தென்சுவரின் திருத்தூதர்களும் நேருக்கு நேர் நிற்பது திட்டமிட்ட அமைப்பு. ஆகவே இரு பக்கத்தையும் மாறி மாறிப் பாருங்கள். மேல்வரிசையில் வடக்கே திருச்சபையைத் துன்புறுத்தியோரும் அவர்களுக்கு மேல் சிறு பேய்களும், தெற்கே மறைசாட்சிகளும் (நம்பிக்கைக்காக உயிர்நீத்தோர்) உள்ளனர். அவற்றைக் காணத் தொலைநோக்கி கட்டாயம் வேண்டும்.

இறுதித் தீர்ப்பைக் காட்டும் மேற்குச் சன்னலைப் பிற்பகல் வெயிலில் பாருங்கள். 1703ஆம் ஆண்டுப் பெரும்புயலில் சேதமுற்ற அதன் மேற்பகுதி 19ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டது. எனவே பழைய கண்ணாடி நிலைத்திருக்கும் கீழ்ப்பகுதிக்கே, குறிப்பாக நரகக் காட்சியின் ஆழ்ந்த சிவப்புக்கே, கூடுதல் நேரம் ஒதுக்குவது தகும்.