சென்னையில இருந்து சரக்கு எறக்குற சின்னக் கடைக்காரங்களுக்கு: சப்ளையர், ஷிப்பிங் ஏஜண்ட், லோரிக்காரர் மூணு பேரையும் எப்படி வச்சுக்கணும்

மலேசியாவுல பந்திங், காப்பார் பக்கம் தோட்டத்து ஜனங்கள நம்பி கடை போட்டவங்க இப்ப நேரா சென்னையில இருந்தே குத்துவிளக்கு, எவர்சில்வர், ஊதுபத்தின்னு எறக்க ஆரம்பிச்சிட்டாங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த ஏஜண்ட் சீப்பு அண்ணே?". அதை அப்புறம் கேளுங்க. கப்பல் நேரா வந்தா ஒரு வாரம் சொச்சத்துல போர்ட் கிள்ளான் வந்துரும், மத்த நாளெல்லாம் பேப்பருக்காக காத்திருக்கிறதுலதான் போகுது, அந்த நாளைக் குறைக்கணும்னா அந்த மூணு பேரும் உங்க போனை உடனே எடுக்கணும்.

சப்ளையர்கிட்ட கணக்கை மறைக்காதீங்க. போன தீபாவளிக்கு என்ன ஓடுச்சு, என்ன மிச்சம் கெடக்கு, இந்த வருஷம் சுமாரா எவ்ளோ வேணும்னு ஜூன் ஜூலையிலயே சொல்லிடுங்க. ஒரு வருஷம் பயந்துபோய் டபுளா கேட்டு அடுத்த வருஷம் பாதியா குறைச்சீங்கன்னா அவர் பித்தளை வாங்கி வச்சு மாட்டிக்குவார், அப்புறம் உங்க ஆர்டர் எப்பவும் கடைசியிலதான் பேக் ஆகும். அக்டோபர் வந்தா அங்க மழை சீசன் வேற.

விலை பேசும்போது எஃப்ஓபியா சிஐஎஃபான்னு தெளிவா கேளுங்க. எஃப்ஓபின்னா கப்பல்ல ஏத்துற வரைக்கும்தான் சப்ளையர் செலவு, அதுக்கப்புறம் உங்க செலவு. சிஐஎஃப்னா கப்பல் கூலி, இன்சூரன்ஸ் அவர் கட்டுவார், கேக்க நல்லாதான் இருக்கும், ஆனா கப்பல் ஏஜண்ட்டைப் பிடிக்கிறது அவர், இந்தப் பக்கம் எறக்குன பிறகு வர்ற சார்ஜை கட்டுறது நீங்க. எல்சிஎல்ல, அதாவது மத்தவங்க சரக்கோட சேர்ந்து ஒரே கொன்டேனர்ல வர்றப்போ, இந்த சார்ஜ் நல்லாவே கடிக்கும். அதனால நான் சொல்றது எஃப்ஓபி, உங்க ஏஜண்ட்டே ரெண்டு பக்கமும் பாத்துக்கட்டும்.

இப்ப பேப்பர், இங்கதான் அவசரப்படக் கூடாது. பில் ஆஃப் லேடிங், அதாவது சரக்கைக் கப்பல்ல ஏத்துனதுக்குக் கப்பல் கம்பெனி தர்ற பேப்பர், அதோட டிராஃப்ட் வாட்சாப்ல வந்தா உடனே ஓகே போடாதீங்க, எஸ்எஸ்எம் கம்பெனி பதிவுப் பேப்பரைப் பக்கத்துல வச்சு கம்பெனி பேரை எழுத்து எழுத்தா பாருங்க, சென்டிரியான் பெர்ஹாட் விட்டுப் போச்சா, அட்ரஸ் சரியா, கார்ட்டன் எண்ணிக்கை இன்வாய்ஸோட ஒத்துப் போகுதான்னு. கப்பல் கெளம்புன பிறகு திருத்துனா காசும் போகும் நாளும் போகும். இன்வாய்ஸ்ல "பூஜை சாமான்"னு ஒரே வரியில எழுத விடாதீங்க, கஸ்டம்ஸ் கோட் நம்பர்ல ஊதுபத்தி 3307ல வரும், எவர்சில்வர் பாத்திரம் 7323, பித்தளை வீட்டு சாமான் 7418, தனித்தனியா இருந்தா ஏஜண்ட் கே1ங்கிற கஸ்டம்ஸ் இறக்குமதி பாரத்தை கப்பல் வர்றதுக்குள்ளயே ரெடி பண்ணிடுவார். ஃபார்ம் ஏஐ, அதாவது சாமான் இந்தியாவுல செஞ்சதுன்னு காட்டுற சர்டிஃபிகேட், அதையும் மறக்காம கேளுங்க, 2010ல இருந்து இருக்கிற ஆசியான் இந்தியா ஒப்பந்தத்துல வரி குறையிற சாமானுக்கு அந்த சர்டிஃபிகேட் வேணும். விளக்கு மரப்பெட்டியில வந்தா பெட்டியில ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்துல பூச்சி வராம பக்குவம் பண்ணதுக்கு அடையாளம்) தெரியிற மாதிரி போட்டோ அனுப்பச் சொல்லுங்க.

ஏஜண்ட்டுக்கு பில்லை இழுக்காம கட்டுங்க, டியூட்டி காசை முன்னாடியே ரெடியா வைங்க. முழு கொன்டேனர் எடுக்குறவங்க ரெண்டு மீட்டர் ஓடுதுன்னு நெனச்சுக்கோங்க: காசில்லாம வச்சுக்க விடுற ஃப்ரீ டைம் தாண்டி போர்ட்டுக்குள்ள கெடந்தா டெமரேஜ், வெளிய எடுத்துட்டு காலி பெட்டியை லேட்டா திருப்புனா டிடென்ஷன். எத்தனை நாள் ஃப்ரீன்னு புக்கிங் போடும்போதே எழுத்துல வாங்குங்க, எவ்ளோ நெருக்கமா இருந்தாலும் வாய் வார்த்தை மட்டும் போதாது.

லோரிக்காரருக்கு கடை வாசல் போட்டோவும் ரோடு அகலமும் முதல்லயே அனுப்பிடுங்க. ஃபோர்க்லிஃப்ட் கெடையாது, ஆள் வச்சுதான் எறக்கணும்னு சொன்னாதான் அதுக்கேத்த லோரி வரும். பாசார் மாலாம் (ராத்திரி சந்தை) நாள்ல வரச் சொல்லாதீங்க, பாவம், ரோட்ட சுத்தியே அலைவார்.

சரக்கு வந்ததும் சைன் போடுறதுக்கு முன்னாடி நசுங்குன கார்ட்டனை போட்டோ எடுத்து, டெலிவரி பேப்பர்லயும் எழுதிட்டு, அன்னிக்கே சப்ளையருக்கு அனுப்புங்க. ஒரு வாரம் கழிச்சு சொன்னா யார் நம்புவாங்க? உடனே, சத்தம் போடாம, எத்தனை பீஸ்னு சொன்னா அடுத்த பில்லுல கழிச்சுக்கலாம்னு பேச வழி இருக்கும். அந்த பேச்சை தீபாவளி வியாபாரம் முடிஞ்ச கையோட முடிச்சிட்டு அப்படியே பொங்கல் பானை எவ்ளோ வேணும்னும் சொல்லிடுங்க, ஜனவரிக்கு நாள் ரொம்ப இல்ல.