தினமும் வாக்கிங் போகிறேன், அது போதாதா?

வயதானவர்களிடம் உடற்பயிற்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "அதான் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேனே." நல்ல பழக்கம்தான், இதயத்துக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் உதவும். ஆனால் அவரையே ஒரு தாழ்வான சோபாவில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்லிப் பாருங்கள். இரண்டு முறை முன்னும் பின்னும் ஆடிவிட்டு, மூன்றாவது முறை தொடையில் கையை அழுத்தித்தான் பலர் எழுவார்கள். அரை மணி நேரம் நடக்கிற காலுக்கு ஒரு முறை எழுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

சமதளத்தில் நடப்பதற்குத் தொடைத் தசையின் பலத்தில் கொஞ்சம் இருந்தாலே போதும். நாற்காலியிலிருந்து எழுவதற்கும் மாடிப்படி ஏறுவதற்கும் உடம்பின் எடையை மேலே தூக்க வேண்டும். அந்த வேலையைக் கொடுக்காமல் இருந்தால், அதற்கான தசையை உடம்பு மெல்லக் கரைத்துவிடும். முப்பது வயதைக் கடந்ததும் பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடுகிறது. தசையின் அளவைவிட பலம் இன்னும் சீக்கிரம் குறைகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 3 நாளாவது சமநிலைக்கும் பலத்துக்கும் சேர்த்துச் செய்யும் பயிற்சி. நம் காதில் முதலாவது மட்டும் விழுந்திருக்கிறது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் இடமுண்டு என்றால் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதையே நான் சொல்வேன். பார்க்க எளிது, ஆனால் தவறாகச் செய்ய நிறைய வழி இருக்கிறது. சக்கரம் வைத்த நாற்காலி, வழுக்குகிற தரை, காலில் சாக்ஸ் மட்டும் என்று தொடங்குவது முதல் தவறு. அசையாத நாற்காலியை எடுத்து, முதுகுப்பக்கம் சுவரில் முட்டும்படி போடுங்கள். உட்காரும் பலகை முழங்கால் உயரத்தில் இருக்கட்டும். நுனிக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டு, மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்னால் சாய்ந்து எழ வேண்டும். எழ முடியாமல் திணறுகிற பலருக்கு உண்மையில் பலம் இருக்கிறது. பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, முதுகை நேராக வைத்தே எழப் பார்ப்பதுதான் சிக்கல்.

உட்காரும்போது தொப்பென்று விழுவது அடுத்த தவறு. அதில் பயிற்சியின் பாதி வீணாகிறது. மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெல்ல இறங்குங்கள். படியில் இறங்கும்போது தொடைக்குத் தேவைப்படும் கட்டுப்பாடு இதே கட்டுப்பாடுதான். ஆனால் எழும்போது இத்தனை மெதுவாக எழ வேண்டியதில்லை. முதியவர்கள் எதையும் மிக மெதுவாகவே செய்ய வேண்டும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கால் இடறும்போது நம்மைக் காப்பாற்றுவது சட்டென்று எட்டி வைக்கிற அடுத்த காலடி. அதற்கு வேகம் வேண்டும். வயதாக ஆக முதலில் சுருங்குவதும் அந்த வேகமான தசை நார்கள்தான். ஆகவே, பழகிய பிறகு எழுவது சுறுசுறுப்பாக, உட்காருவது நிதானமாக. ஐந்து முதல் எட்டு முறை, கொஞ்சம் இளைப்பாறி மறுபடியும் ஒரு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முடியாதவர்கள் பலகைமேல் கெட்டியான திண்டு போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

எவ்வளவு தேறியிருக்கிறோம் என்று பார்க்க மருத்துவர்கள் பயன்படுத்தும் சோதனை ஒன்று உண்டு. கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ணுவது. 70 முதல் 74 வயதில் ஆண்கள் 12க்கும் பெண்கள் 10க்கும் குறைவாக எழுந்தால் அது சராசரிக்குக் கீழே.

"இந்த வயதில் பலம் எங்கே கூடப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு, 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த ஆய்வு ஒன்று பதில் சொல்கிறது. தொண்ணூறை ஒட்டிய வயதுடைய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆனால், அவர்கள் பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு கனமாகவே தூக்கினார்கள். அரைக் கிலோ டம்பெல்லை ஊர்க்கதை பேசிக்கொண்டே முப்பது முறை ஆட்டுவது இந்தக் கணக்கில் சேராது. பத்துப் பன்னிரண்டு முறை செய்யும்போது கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், ஆனால் உடம்பின் நிலை கோணக்கூடாது. எளிதாகிவிட்டதா, எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். கூட்டாமல் ஒரே அளவில் வருடக்கணக்கில் செய்வதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு.

வீட்டில் இருப்பவர்கள் செய்யும் தவறும் ஒன்று உண்டு. "நீங்க உட்காருங்கப்பா, நான் எடுத்துத் தரேன்." பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் தண்ணீர் எடுக்கவும் கதவு திறக்கவும் அவர் எழுகிற ஒவ்வொரு முறையும் ஒரு பயிற்சி. அதை நாம் பறித்துக்கொள்கிறோம். ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. பத்தே நாளில்!

விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் சமநிலைப் பயிற்சியையே தொடாதவர்கள் ஒரு பக்கம்; நடுக்கூடத்தில் நின்று கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்கப் பார்ப்பவர்கள் மறுபக்கம். இரண்டும் வேண்டாம். சமையல் மேடை மாதிரி அசையாத ஒன்றைத் தொட்டுக்கொண்டு நில்லுங்கள். முதலில் பாதங்களைச் சேர்த்துவைத்து, பிறகு ஒன்றைப் பாதியளவு முன்னால் வைத்து, அப்புறம் குதிகாலும் விரலும் ஒரே கோட்டில் தொடும்படி, கடைசியில் ஒற்றைக்காலில். ஒவ்வொன்றும் பத்து விநாடி. ஒன்று ஆடாமல் வந்த பிறகுதான் அடுத்தது. நியூசிலாந்தின் ஒட்டாகோவில் உருவான பயிற்சித் திட்டம் கிட்டத்தட்ட இதுதான்: வாரத்துக்கு மூன்று நாள் கால் பலமும் சமநிலையும், இரண்டு நாள் நடை. அதைச் செய்தவர்கள் விழுவது சுமார் 35 சதவீதம் குறைந்தது.

எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். சத்தமாக எண்ணிக்கொண்டே செய்யுங்கள். எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது. பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள் தரையில் படுத்துச் செய்துவிட்டு நேராக எழுந்து நிற்கக்கூடாது, தலை சுற்றலாம். உட்கார்ந்து ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழலாம். 220இலிருந்து வயதைக் கழித்து, அதையே நாடித்துடிப்பின் உச்ச வரம்பாக வைத்துக்கொண்டு உழைப்பை அளக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை துடிப்பைக் குறைத்தே வைத்திருக்கும், கைக்கடிகாரம் காட்டும் எண்ணுக்கு அப்போது அர்த்தமில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது: மிதமான உழைப்புக்கு இந்த அளவு போதும். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் தொடங்க வேண்டாம். எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதாக (ஆஸ்டியோபோரோசிஸ்) சொல்லப்பட்டவர்கள் முதுகை வளைத்துக் குனிந்து காலைத் தொடும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். முள்ளெலும்பு நொறுங்க அது காரணமாகலாம்.

வலியைப் படிக்கத் தெரியாமல் பாதியில் விட்டவர்கள் நிறைய. பயிற்சிக்கு மறுநாள் தொடையிலும் பிட்டத்திலும் வருகிற மந்தமான வலி தசை வேலை செய்ததன் அடையாளம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள் குத்துகிற வலி, வீக்கம், மறுநாள் நடையே கோணுவது, இவை அளவு மீறியதற்கு அடையாளம். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்தை மீறிய மூச்சுத்திணறல் என்றால் அங்கேயே நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேட வேண்டும்.

காய்ச்சலோ பயணமோ வந்து இரண்டு வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். பாதி அளவில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் பழைய எண்ணிக்கைக்கு வாருங்கள்.